மூன்றாவது குழியும் ஒரு லாரி மஞ்சள் தண்ணீரும்

போன மாதம் ஒரு நாள் காலையில் ஃபோனைத் திறந்தால் அதற்குள் எரிமலை. போர்ட்டிக்சன் கடலுக்கடியில் எரிமலை ஒன்று விழித்துக்கொண்டதாம், நெகிரி செம்பிலான் மாநிலம் முழுவதும் ஆபத்தாம், உடனே பத்துப் பேருக்கு அனுப்ப வேண்டுமாம். சிவப்பாய்க் கொதிக்கிற படம் வேறு. சிரம்பானை ஒட்டிய பாரோயில் என் வீட்டு வாசலில் நின்றபடி, கையிலிருந்த காப்பி ஆறிப்போகும் வரை திட்டித் தீர்த்தேன். பிறகுதான் அனுப்பியவர் பெயரைப் பார்த்தேன். சின்னையா அண்ணன். சுவா பக்கத்துத் தோட்டத்துச் சின்னையா அண்ணன்! எரிமலை வதந்தியைப் பரப்ப உரிமையே இல்லாத மனிதர் இந்த நாட்டில் ஒருவர் உண்டென்றால் அது அவர்தான்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விளக்கமாகவே எழுதுகிறேன். நில ஆய்வு இலாகாவில் என் பழைய நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் ட்ரோன் இருக்கிறது; மேலே பறந்துகொண்டே நிலத்தின் சூட்டைப் படம் பிடித்துவிடுகிறது. "கையால குழி தோண்டியா அக்கா கண்டுபிடிச்சீங்க?" என்று என்னை அருங்காட்சியகத்துப் பொருளைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். ஆமாம், குழி தோண்டித்தான்.

நான் சிரம்பான் பக்கத்து ராசாவில் பிறந்தவள். அப்பா கிராணி, ஆபீசில் கணக்கு எழுதுகிற வேலை; அவருடைய அப்பாவும் கிராணி. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கள் குடும்பத்தில் பெண் பிள்ளை படித்தால் டீச்சர், இல்லையென்றால் டாக்டர். நான் நிலவியல் எடுக்கப் போகிறேன் என்றதும் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "கல்லைப் படிச்சு என்ன பிள்ளை செய்யப்போறாய்?" என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்வதற்குள் பட்டமே வாங்கிவிட்டேன். இலாகாவில் சேர்ந்த புதிதில், எரிமலை தெரிந்த ஆள் ஒருவராவது வேண்டும் என்று சில மாதங்கள் ஜாவாவுக்கு அனுப்பினார்கள்.

எரிமலை என்றால் எல்லாம் ஒரே ஜாதி என்று நினைத்துக்கொண்டு போனவள் நான். முதலில் காட்டியது, படத்தில் எல்லோரும் வரையும் மலை: உயரம், செங்குத்துச் சரிவு, உச்சியில் புகை. ஆற்றங்கரையில் அதன் வயிறு அறுபட்டுக் கிடந்த இடத்தில் பார்த்தால் சாம்பல் ஒரு அடுக்கு, உறைந்த பாறைக் குழம்பு ஒரு அடுக்கு, மறுபடி சாம்பல். அடுக்கு எரிமலை. அதன் அடிவாரத்தில் குட்டி குட்டியாய்ச் சில குன்றுகள். வாயிலிருந்து தெறித்த தணல் துண்டுகள் சுற்றிலும் விழுந்து குவிந்தவை. நெல்லை ஒரே இடத்தில் கொட்டினால் குவியுமே, அதேதான். தணல் கூம்பு என்பார்கள். வேறொரு மலையில் குழம்பு வழியவே இல்லை. அவ்வளவு கெட்டி. வாயிலேயே உருண்டு திரண்டு குமிழ் போல நின்றது. எனக்கு அதுதான் சாதுவாகத் தெரிந்தது. அங்கிருந்த காவலர், "அதுதான் பொல்லாதது. உடைந்தால் சுடுபுகை மலையிலிருந்து உருண்டு வரும், ஓடித் தப்ப முடியாது," என்றார். கடைசியாக ஒரு பெரிய மணல் வெளியில் ஜீப்பில் வெகுநேரம் போனோம். "எங்கே எரிமலை?" என்று கேட்டேன். டிரைவர் சிரித்தார். நாங்கள் அதன் உள்ளேயே போய்க்கொண்டிருந்தோம். அடியில் இருந்த குழம்பெல்லாம் வெளியே கொட்டித் தீர்ந்தபின் மேலே இருந்த மலை உள்வாங்கி விழுந்த பள்ளம் அது.

இவ்வளவு படித்துவிட்டு ஊர் திரும்பினால் இங்கே ஒரு எரிமலையும் கிடையாது! சாலைச் சரிவு, ஈயம் தோண்டிய லம்பத்துப் பள்ளம், கிணற்றுத் தண்ணீர் என்றே வருடங்கள் ஓடின. அப்படித்தான் என்சிக் ரம்லியிடம் வந்து சேர்ந்தேன்.

என்சிக் ரம்லி எங்கள் பிரிவுத் தலைவர். என்சிக் என்றால் மலாயில் ஐயா. காட்டுக்குள் போனாலும் இஸ்திரி போட்ட சட்டை. கோபப்பட மாட்டார், அவசரப்பட மாட்டார், எதையும் முன்கூட்டிச் சொல்ல மாட்டார். என்ன கேட்டாலும் "பெலும்" என்பார். இன்னும் இல்லை என்று அர்த்தம். சரிவு ஆபத்தா என்சிக்? பெலும். சாப்பிடப் போகலாமா? பெலும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானோ பார்த்தவுடன் பேர் சொல்லிவிடுகிற ஆள். அவரோ என் பெயரைச் சுருக்கிக் கூப்பிட்டு, "பார்த்ததை மட்டும் சொல் பரம், பேரைப் பிறகு வைக்கலாம்," என்பார்.

சூடான நிலத்தைச் சோதிக்க அவர் ஒரு முறை வைத்திருந்தார். மூன்று குழி. முதல் குழி பிரச்சினையே இல்லாத தூரத்தில். அந்த மண்ணின் இயல்பான சூடு தெரிய வேண்டும். இரண்டாவது பாதி வழியில். மூன்றாவதுதான் புகையை ஒட்டி. அதுவும் நேராக மேலே நிற்கக் கூடாது, பலகை போட்டு அதன்மேல் நிற்க வேண்டும், காற்று முதுகுப் பக்கத்திலிருந்து வர வேண்டும். கைத் துளைப்பானைத் திருகித் திருகி இறக்கி, முழங்கை ஆழத்துக்கு ஒரு தடவை வெப்பமானிக் கம்பியை விட்டு, முள் நிலைக்கும் வரை காத்திருக்க வேண்டும். குழி அடிமண்ணைத் தொடும் வரை நிறுத்தக் கூடாது. காரணம் எளிமையானது. சூடு பூமிக்கு அடியிலிருந்து வந்தால் ஆழம் போகப் போக ஏறிக்கொண்டே இருக்கும். நடுவில் ஏதோ எரிந்தால், அதைத் தாண்டியதும் இறங்கிவிடும். மூன்றாவது குழி முடியும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்பதும் விதி. எனக்கு அதுதான் கஷ்டம்.

வாட்ஸ்அப் எல்லார் கைக்கும் புதிதாய் வந்திருந்த காலத்தில் சுவா பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. நிலம் வெடித்துப் புகை வருகிறது, எரிமலையாம்.

அது எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டம். பால்மரம் வெட்டி ரப்பர் எடுத்த காலத்திலிருந்தே லயத்து வரிசை வீடுகளில் இருந்த குடும்பங்கள், வேலை போன பிறகும் அங்கேயே இருந்தன. பக்கத்து மேட்டில் அவர்களுக்கு வீடு கட்டித் தருவதாக நிர்வாகம் ஒப்புக்கொண்டு, முளைக்குச்சிகூட அடித்தாகிவிட்டது. எத்தனையோ வருடம் காத்திருந்து கிடைத்த வீடுகள். லயத்துக்கும் அந்த மேட்டுக்கும் நடுவில்தான் புகை வந்தது. மேனேஜர் எங்களை ஆபீசில் உட்கார வைத்து, மரியாதையாகவே சொன்னார்: "ஆபத்தான பகுதி என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள், என்சிக். லயத்தையும் காலி செய்துவிடலாம், வீட்டுத் திட்டத்தையும் நிறுத்திவிடலாம். எல்லாருக்கும் நல்லது."

லயத்தைக் காலி செய்தால் எங்கே போவார்கள் என்று நான் கேட்டேன். உறவினர் வீட்டுக்குப் போகட்டும் என்றார். ஒரு தடவை வெளியே போனால் அவர்கள் திரும்பி வரவே முடியாது என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும். நான் வாயைத் திறக்கப் போனேன். "பெலும்," என்றார் என்சிக் ரம்லி. மேனேஜரிடமா என்னிடமா என்று இன்றுவரை தெரியாது.

இடத்துக்குப் போனோம். புதிதாய்க் கட்டிய மாரியம்மன் கோயில், அதன் முன்னால் சமமான செம்மண் வெளி. நடுவில் மண் வெடித்து, வெடிப்பின் ஓரம் புல் கருகி, நீலமும் வெள்ளையுமாய்ப் புகை. ஓரிடத்தில் தரை ஒரு தாம்பாளம் அளவுக்கு உள்வாங்கியிருந்தது. ஜாவாவில் பார்த்த மணல் வெளி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

ஊரே கூடியிருந்தது. கண்ணாடி போட்ட பொம்பளை என்பதால் என்னை யாரும் கேட்காமலேயே டீச்சர் ஆக்கிவிட்டார்கள். கடைசி வீட்டு லெட்சுமிதான் முன்னால் வந்தாள். சிரம்பானில் ஒரு தொழிற்சாலையில் வேலை, அன்றைக்கு லீவு போட்டிருந்தாள்.

"டீச்சர், கோயில இடம் மாத்தாதீங்க மாத்தாதீங்கன்னு தலையால அடிச்சிக்கிட்டோம். கேட்டாரா இந்த மனுஷன்? இப்ப ஆத்தா வாயத் தொறந்துட்டா. எங்க வீடும் போச்சு, வரப்போற வீடும் போச்சு."

அவள் கை காட்டிய இடத்தில், கூட்டத்தை விட்டுத் தள்ளி, ஒரு மனிதர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவர்தான் சின்னையா அண்ணன். கோயில் தலைவர், தோட்டத்தின் பழைய லாரி டிரைவர். பழைய கோயில் இருந்த நிலம் விற்றுப்போனபோது, நிர்வாகம் கொடுத்த இந்த இடத்தை ஏற்றுக்கொள்ளச் சொல்லி வீடு வீடாய்ப் போய்க் கெஞ்சியவர் அவர். புகை கிளம்பிய நாளிலிருந்து தினமும் விடிந்ததும் வெறுங்காலோடு வந்து, வெடிப்பைச் சுற்றி நடந்து தரையைக் காலால் தொட்டுப் பார்ப்பாராம். வருடா வருடம் தீ மிதித்த கால். "நேத்தைவிட இன்னிக்கு ஒரு அடி தள்ளிச் சுடுது டீச்சர்," என்றார். வீட்டுப் பக்கம் நகர்கிறது என்று அர்த்தம்.

முதல் குழியை நாங்கள் செம்பனை நிரைக்குள் போய்த் தோண்டினோம். கூட்டம் சிரித்தது. "பொக அங்க வருது, இவங்க இங்க தோண்டறாங்க லா!" சாதாரண மண், சாதாரண சூடு. இரண்டாவது குழியில் கம்பி வெதுவெதுப்பாய் வந்தது. முள் நிலைக்கக் காத்திருந்தபோது லெட்சுமி விடவில்லை.

"சும்மா குழியப் பாத்துக்கிட்டு இருக்காம எரிமலை எப்படி வருதுன்னாச்சும் சொல்லுங்க டீச்சர். எங்களுக்கும் மூளை இருக்கு."

என்சிக் ரம்லியைப் பார்த்தேன். பேர் வைக்கத்தான் தடை, பாடம் சொல்ல இல்லை என்பதுபோல் தலையசைத்தார்.

"பூமிக்கு உள்ள பூரா கொழம்பு கொதிக்குதுன்னு நெனைக்காதீங்க," என்றேன். "உள்ள இருக்கிறது சூடான கல்லு. மேல இருக்கிற பாரம் அமுக்குறதால உருகாம இருக்கு. ரெண்டு வழியில உருகும். ஒண்ணு, பாரம் குறையணும். பூமி ஓடு விரிசல் விடுற எடத்துல, இல்ல அடியிலேர்ந்து சூடான கல்லு மெல்ல ஏறி வர்ற எடத்துல அப்படி நடக்கும். அந்தக் கொழம்பு தண்ணியா இருக்கும். தோசை மாவு மாதிரி பரவி ஓடி, அகலமா, தட்டையா, கேடயத்தக் கவுத்து வச்ச மாதிரி மலையாகும். அது வெடிக்கிறது கம்மி."

"ரெண்டாவது?"

"ரெண்டாவது, தண்ணி போகணும். சுமத்ராவுக்கு அந்தப் பக்கம் கடல் தரை நிலத்துக்கு அடியில சொருகிக்கிட்டே போகுது. ஆழத்துல அதுல இருக்கிற தண்ணி பிரிஞ்சு மேல இருக்கிற சூட்டுக்கல்லுக்குள்ள போகும். ஈரம் பட்டா அந்தக் கல்லு சீக்கிரம் உருகிடும். அந்தக் கொழம்பு மேல வர்றதுக்குள்ள கெட்டியாயிடும், வாயு வெளிய போக முடியாம மாட்டிக்கும். அதான் வெடிக்குது. உசந்த மலை, குமிழ் மலை, உள்ள விழுந்த பள்ளம் எல்லாம் இந்த வகையில வர்றதுதான். சுமத்ராவுல அப்படி விழுந்த பள்ளத்துல இப்ப பெரிய ஏரியே இருக்கு. அது வெடிச்சப்ப பறந்த சாம்பல் நம்ம நாட்டு மண்ணுலயும் கெடக்கு."

"அப்ப நமக்கு அடியில?"

"அந்தக் கடல் தரை இவ்வளவு தூரம் வர்றதுக்குள்ள ரொம்ப ஆழத்துக்குப் போயிடுது. நம்ம பக்கம் அது ஒண்ணும் உருக்கல. இங்க எப்பவோ, மனுஷனே இல்லாத காலத்துல, கொழம்பு ஏறி வந்துச்சு. நெறைய, மேல வராமலே அடியிலயே ஆறி உறைஞ்சு போச்சு. சிரம்பான் மலையெல்லாம் அந்தக் கல்லுதான். உங்க வீட்டு அம்மிக்கல்லுகூட அதுவா இருக்கும்."

"எங்க வீட்டுல பிளெண்டர்தான்," என்றாள் லெட்சுமி. கூட்டம் இந்தத் தடவை எங்களோடு சேர்ந்து சிரித்தது. சின்னையா அண்ணன் சிரிக்கவில்லை.

மூன்றாவது குழி. பலகை போட்டு, வெடிப்பிலிருந்து இரண்டு எட்டு தள்ளித் துளைப்பானை இறக்கினோம். காற்று அளக்கும் கருவி, எரிகிற பொருளின் நச்சுப் புகை இருப்பதாகக் கத்தியது. எரிமலைப் புகைக்கே உரிய கந்தகம் இல்லவே இல்லை. நல்ல சகுனம்தான், ஆனாலும் போதாது. முதல் முழங்கை ஆழத்தில் சூடு ஏறியது. அடுத்ததில் இன்னும் ஏறியது. அதற்கடுத்ததில் கம்பியைக் கையுறை போட்டும் பிடிக்க முடியவில்லை. ஏறிக்கொண்டே போனால் என்ன செய்வது? இவ்வளவு நேரம் தோசை மாவு என்றும் அம்மிக்கல் என்றும் அளந்ததெல்லாம் என்னாவது? வியர்வை கண்ணாடியில் வழிந்தது. என்சிக்கைப் பார்த்தேன். "பெலும்," என்றார்.

துளைப்பான் மறுபடி மேலே வந்தபோது அதில் மண் இல்லை. கறுப்பாய் நார். நாருக்குள் தீய்ந்த கொட்டை ஓடு. செம்பனைப் பழத்தைப் பிழிந்தெடுத்தபின் மில்லில் மிஞ்சுமே, அந்தக் கழிவு. இன்னும் கீழே போனோம். நார் முடிந்து, பழைய பள்ளத்தாக்கின் சாம்பல் நிறக் களிமண் ஈரமாய் ஏறி வந்தது. கம்பியை விட்டேன். முள் இறங்கியது. நின்று, மறுபடி இறங்கியது. இன்னும் ஒரு முழம் தோண்டினோம். கம்பி கைக்கு இதமாய் வந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் என்சிக் ரம்லி. நான் பலகையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பாடா! வாழ்க்கையில் அப்படி ஒரு மூச்சு நான் விட்டதில்லை.

எரிவது நார். சரி, அதைப் பற்றவைத்தது யார்? என்சிக் கேட்கச் சொன்னார், நான் சத்தமாய்க் கேட்டேன்: "இந்த எடத்துல கடைசியா என்ன செஞ்சீங்க?"

"தீமிதிதான்," என்றது கூட்டம். குழி எங்கே வெட்டினீர்கள்? இதே இடத்தில்தான். முடிந்ததும் எப்படி அணைத்தீர்கள்?

கோயில் பூசாரி என்னை விசித்திரமாகப் பார்த்தார். "அணைக்கிறதா? அது நெருப்பில்ல டீச்சர், பூ. பூவுல தண்ணி ஊத்தலாமா? பால் தெளிச்சு மண்ணு போட்டு மூடிடுவோம். தானா குளிரும். எங்க தாத்தா காலத்துலேர்ந்து அப்படித்தான்."

பழைய கோயிலில் அது சரிதான். அங்கே அடியில் இருந்தது கெட்டிச் செம்மண், தணல் தானாக அவிந்துவிடும். இங்கே மெல்லிய மண் போர்வைக்கு அடியில் பள்ளம் நிறைய நார். பூ பல வாரங்களாய் உள்ளேயே பூத்துப் பரவிக்கொண்டிருந்தது.

சின்னையா அண்ணன் மெல்ல எழுந்து வந்தார். துளைப்பானில் ஒட்டியிருந்த நாரை இரண்டு விரலால் எடுத்துப் பார்த்தார். "ஐயோ, இது நான் கொட்டுனது டீச்சர். பழைய மில்லு ஓடுன காலத்துல என் லாரிதான் இங்க கொண்டாந்து கொட்டும். எல்லாம் மக்கி மண்ணாப் போயிருக்கும்னு நெனச்சேன்." பிறகு குழந்தை போலக் கேட்டார்: "அப்ப ஆத்தாவுக்குக் கோவம் இல்லையா?"

"ஆத்தாவுக்கு இதுல சம்பந்தமே இல்ல அண்ணே. உங்க லாரிதான் காரணம்."

அவர் முகத்தில் அப்போதுதான் சிரிப்பு வந்தது. கண்ணிலிருந்து தண்ணீரும் கொட்டியது. லெட்சுமி பக்கத்தில் வந்து, "சரி விடுங்க மாமா, எனக்கென்ன தெரியும்," என்று முந்தானையை அவரிடம் நீட்டினாள்.

ஆனால் வேலை முடியவில்லை. உள்ளே நார் எரிந்து பொந்தாகியிருந்தால் மேலே நடக்கிற பிள்ளை உள்ளே போய்விடும். கடைசி வரிசை வீடுகளை மட்டும் சில நாள் காலி செய்து, சுற்றிலும் களிமண் வரை பள்ளம் வெட்டித் தீயைத் துண்டித்து, உள்ளே எரிவதைத் தோண்டிப் பரப்பித் தண்ணீர் அடிக்க வேண்டும். பொம்பா லாரியும், தீயணைப்புக்காரர்களோடு, வந்துவிட்டது. அங்கேதான் பூசாரி குறுக்கே நின்றார். பூவில் தண்ணீர் படக் கூடாது, பட்டால் ஊருக்கு ஆகாது. என்ன சொல்லியும் அசையவில்லை. என் பொறுமை போய்விட்டது. "ஊரே தீயில போகப்போகுது, ஐயா!" என்று கத்தியேவிட்டேன். அவரும் கத்தினார். பொம்பாக்காரர்கள் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார்கள்.

லெட்சுமிதான் நடுவில் புகுந்தாள். "திருவிழா முடிஞ்சா மஞ்சத் தண்ணி ஊத்துவோம்ல? இந்த வருஷம் கோயில் வேலையில அது நடக்கவே இல்ல. இப்ப ஊத்துவோம். பெரிசா ஊத்துவோம்."

பூசாரி யோசித்தார். பிறகு மெல்லத் தலையாட்டினார்.

வீட்டுக்கு வீடு மஞ்சள் தூள் வந்தது. வேப்பிலை வந்தது. பொம்பா அதிகாரி, தாடி வைத்த மலாய்க்காரர், என்சிக் ரம்லியைப் பார்த்தார். "குழாய் அடைபடாது அல்லவா?" என்று மட்டும் கேட்டார். இலையைத் தொட்டிக்குள் போடாமல் லாரியின் நெற்றியில் கட்டினார்கள். தூளைத் துணியில் வடிகட்டித் தொட்டியில் கரைத்தார்கள். பூசாரி தேங்காய் உடைத்துத் தீபம் காட்ட, குழாயிலிருந்து மஞ்சளாய்த் தண்ணீர் பீறிட்டது. பெண்கள் குலவையிட்டார்கள். சின்னையா அண்ணன் நனைந்து நிற்க, என்சிக் ரம்லியின் இஸ்திரிச் சட்டையிலும் மஞ்சள் தெறித்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.

மேனேஜருக்கு அவர் எழுதிக் கொடுத்தது சுருக்கமானது. எரிமலை அன்று, புதைந்த கழிவில் தீ, தோண்டி அணைக்கப்பட்டது, மேட்டு நிலம் உறுதியானது, வீடு கட்டத் தடையில்லை. மேனேஜர் அதைத் திரும்பத் திரும்பப் படித்துவிட்டு, வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று கேட்டார். அன்றைக்கு மட்டும் என்சிக் ரம்லி பெலும் சொல்லவில்லை. "முடிந்தது," என்றார்.

வீடுகள் தாமதமாய் வந்தன, ஆனால் வந்தன. அந்த மேட்டில்தான் இன்றைக்கும் அவர்கள் இருக்கிறார்கள். தீமிதிக்குக் கெட்டி மண் பார்த்துக் குழி வெட்டுகிறார்கள்; முடிவில் மஞ்சள் தண்ணீர் ஊற்றாமல் மண் போடுவதில்லை.

இப்போது சொல்லுங்கள், இந்த மனிதர் எனக்கு எரிமலைப் படம் அனுப்பலாமா? ஆறின காப்பியைக் கீழே வைத்துவிட்டு ஃபோன் போட்டேன்.

"அண்ணே! என்ன இது? உங்களுக்கே நல்லா இருக்கா?"

"கோச்சிக்காதீங்க டீச்சர். லயத்து குரூப்புல வந்துச்சு. பொய்னு தெரியும் லா. ஆனாலும் நீங்க இல்லன்னு சொன்னாத்தான் மனசு அடங்கும்."

"இல்ல அண்ணே. நம்ம பக்கம் எரிமலை இல்லவே இல்ல."

அந்தப் பக்கம் நீளமாய் ஒரு மூச்சு. பிறகு கேட்டைத் திறக்கும் சத்தம், மெதுவான காலடிகள்.

"வாசல்ல எறங்கி நிக்கிறேன் டீச்சர், வெறுங்காலோட," என்றார். "ஜில்லுனு இருக்கு."